எங்கள் வீட்டுத் தாடை

எங்கள் குடும்பத்தில் முகம் என்பது ஒன்றுதான். அதையே எல்லோரும் பங்கு போட்டு வைத்துக்கொண்டிருந்தோம். மூக்கும் நெற்றியும் அவரவர் அம்மா வழியில் கொஞ்சம் இப்படி அப்படி மாறும். தாடை மட்டும் மாறாது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும். மாதேஸ்வரன் மலைப் பக்கம் எங்கள் ஊரான மார்டள்ளியில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு அது. மைசூருக்கு வந்து தொழிற்சாலை வேலையில் சேர்ந்த அப்பாவுக்கு அது. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்த அத்தைக்கும், எல்லோருக்கும் கடைக்குட்டியான எனக்கும் அதேதான். மாதேஸ்வரன் மலையில் எனக்கு முதல் மொட்டை அடித்தபோது, பெரியப்பா என் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாடை எங்கூட்டுதுதானுங்க" என்று அம்மாவின் சொந்தக்காரர்களிடம் அறிவித்தாராம். நிலத்துக்குப் பட்டா வாங்கியவர் மாதிரி நின்றார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆண்களிடம் அந்தத் தாடைக்கு நல்ல பெயர் இருந்தது. பெரியப்பா தாடியைத் தடவியபடி பஞ்சாயத்தில் பேச ஆரம்பித்தால், "முகத்தைப் பாத்தாலே தெரியுது, ஆளு கெட்டி" என்பார்கள். அப்பாவுக்கு மீசை கைகொடுத்தது. அத்தையிடம் இருந்த அதே தாடைக்கு யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் உள்ளவர்கள், அவளுக்கு இன்னும் வேளை வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். வேளை எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

மைசூரில் அக்ரஹாரம் என்கிற பகுதியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் அத்தை தையல் மெஷின் போட்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கை அவள் கையால் தைத்ததுதான். கழுத்தில் ஒரு நாடாவில் குட்டிக் கத்தரிக்கோல் தொங்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுக்களையில் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். இதெல்லாம் அத்தையின் ஸ்டைல் என்று எனக்கு நினைப்பு. அதனால் நானும் பள்ளிக்கூடத்தில் கையால் வாயைப் பொத்திச் சிரித்துப் பழகியிருந்தேன்.

நான் நாலாவது படிக்கும்போது கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கிவிட்டது. அம்மா என்னை தேவராஜ மொஹல்லாவில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கீழே வாழைப்பழ மண்டி, மேலே டாக்டர். மாடிப்படி முழுக்கப் பழ வாசனை. டாக்டர் சின்ன வயசுக்காரர். மரத்துப்போக ஊசி போட்டு, நான் அழுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லை எடுத்துவிட்டார். வேலை முடிந்தது என்று அம்மா பையை எடுத்தாள்.

அவர் விடவில்லை. "புட்டி, பின்பல்லைச் சேர்த்துக் கடி" என்று கன்னடத்தில் சொன்னார். புட்டி என்றால் குட்டிப் பெண். கடித்தேன். உதட்டை விலக்கி முன்னால் பார்த்தார், பக்கத்திலிருந்து பார்த்தார், தள்ளி நின்று முகத்தைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். "அவங்கப்பா வீட்டுல எல்லாருக்குமே இப்படித்தான் சார்" என்றாள் அம்மா. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, கொஞ்சம் கிண்டலும் இருந்தது.

அதற்கப்புறம் அவர் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அம்மா பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறாள். கோணல்மாணலாக முளைக்கிற பல்லாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் இது பல் விவகாரம் இல்லை, எலும்பு விவகாரம் என்றாராம். மேல்தாடை வளராமல் பின்தங்கியிருக்கிறது. இந்த வயதில் அதை முன்னால் இழுத்துக் கொண்டுவர முடியும். பத்து வயது தாண்டினால் அது அவ்வளவாகக் கேட்காது, வளர்ந்து முடித்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். பால் பல்லெல்லாம் விழுந்து முளைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், இதற்கென்றே படித்தவர்களிடம் உடனே காட்டுங்கள் என்றாராம்.

அம்மாவுக்கு அவரை விட்டுப் போக மனமில்லை. வலிக்காமல் பல் எடுத்தவராயிற்றே. நீங்களே செய்துவிடுங்களேன் சார் என்று கேட்டாள். இப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும், அதைச் சரியாகச் செய்ய அவர்களுக்குத்தான் தெரியும் என்று அவர் சொன்னார். தானே ஏதோ ஒரு பிளேட்டைப் போட்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டால், அந்த வருஷத்தைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். எங்கள் கண் முன்னாலேயே பல் வரிசையும் தாடையும் சரிசெய்கிற டாக்டருக்கு போன் போட்டு என் வயதையும் வாயின் நிலைமையையும் சொன்னார். அதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நாங்கள் பழ வாசனையோடு கீழே இறங்கினோம்.

அன்று சாயங்காலம் அம்மா மார்டள்ளிக்கு போன் பண்ணினாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. "இந்த டாக்டரு என்னால ஆகாதுன்னுட்டாருங்க்கா. பெரிய டாக்டருக்கு எழுதிக் குடுத்துப்போட்டாரு. ஒடனே போவோணுமாம், நாளைத் தள்ளக் கூடாதாம்" என்றாள். பெரியம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டாளாம். சிக்னல் போய்விட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் 'எழுதிக் கொடுத்துவிட்டார்கள்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். முடியாவிட்டால் கொள்ளேகாலத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கேயும் முடியாவிட்டால் மைசூருக்கு. மைசூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள், உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நானோ மைசூரிலேயே இருக்கிறேன். மைசூர் டாக்டரே கையை விரித்து இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் என்ன நினைப்பார்கள்? அதுவும் வாயில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்தில் ஒரு வேன் வந்து நின்றது. பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய பேரன், கூட இன்னும் சில உறவுக்காரப் பெண்கள் இறங்கினார்கள். கையில் ரொட்டி, சாத்துக்குடி, ஆரஞ்சு. வந்தவர்களுடைய முகத்தைப் பார்த்த அம்மா, என்ன ஏது என்று கேட்காமலேயே என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். நோயாளி பாண்டி ஆடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் மகிழ்ச்சியோடு படுத்தேன்.

பெரியம்மா என் நெற்றியில் மாதேஸ்வரன் திருநீற்றைப் பூசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு அக்கா குனிந்து, "சோறு எறங்குதா அம்மிணி?" என்று கேட்டாள். அப்போது என் வாயில் இரண்டு ஆரஞ்சுச் சுளை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். "பேச்சு வரலை பாரு" என்று அவள் திரும்பிப் பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மலைக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருப்பதைச் சொல்லிவிட்டு, எந்த டாக்டராக இருந்தாலும் நிலத்தை விற்றாவது பார்த்துவிடலாம் என்று அப்பாவின் தோளைத் தட்டினார். தாடைக்காக நிலமா என்று அப்பா விழித்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெளிந்தது. நோய் ஒன்றும் இல்லை, தாடையை மேலும் கீழும் சரியாகப் பொருந்த வைக்கிற வைத்தியம்தான் என்று அம்மா சொல்லி முடித்தபோது, அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு உடனே கோபமாக மாறியது. வேன் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தவர்களுக்கு அது நியாயம்தான்.

"இது ஒரு நோவா? இது எங்கூட்டு அடையாளமாச்சே" என்றார் பெரியப்பா. "எங்கய்யனுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்குது. நாங்க என்ன கெட்டா போயிட்டம்? பல்லெல்லாம் விழுந்து மொளைக்கட்டும். புள்ளை பெரிய மனுசியாகட்டும். அப்பறம் பாத்துக்கலாம்." அண்ணன் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே போகச் சொன்ன டாக்டரின் சீட்டு சாமி படத்துக்குக் கீழே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பெரியப்பா கட்சி. டாக்டர் சொன்னதிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். எழுந்து உட்கார்ந்து, "தாடையை மாத்திட்டா நான் அம்மா வூட்டுப் பொண்ணு ஆயிருவனா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்காமல், "கொழந்தைக்கே தெரியுது பாருங்க" என்றார். பேச்சு அத்தோடு முடிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். பெரியம்மா ரொட்டியைப் பிரித்தாள்.

முன்னறையில் மெஷின் நின்றது. அத்தை கையில் ஒரு நூல்கண்டோடு வந்தாள். ஆண்கள் பேசுகிற இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததில்லை. "அண்ணா, ஒரு நிமிசம் இதப் பாருங்க" என்று சொல்லி, நூலை முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்து இழுத்தாள். நூல் அறாமல் வந்தது. திரும்பவும் வைத்து, கண்ணை இறுக்கிக்கொண்டு கடித்தாள். நூல் ஈரமானது, அறவில்லை. தைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் முடிச்சுப் போட்டதும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாது. எங்கள் அத்தை கழுத்தில் கத்தரிக்கோல் மாட்டியிருந்ததை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்தோம். சுத்தம் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

பிறகு நூலின் நுனியை என்னிடம் நீட்டினாள். நான் விளையாட்டு என்று நினைத்துப் பலமாகக் கடித்தேன். எனக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது. அத்தை நூலைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டுத் தாடை இல்லாத பெரியம்மா ஒரு கடியில் அறுத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவள் போல அறுந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முறுக்குக் கடிக்க வராதுங்க. கொய்யாக்கா கடிக்க வராது. அதனாலதான் நான் கடைசியா உக்காந்து திங்கறது" என்றாள் அத்தை. "எனக்கு யாரும் எழுதிக் குடுக்கலைங்கண்ணா. இவ வயசுல என்னையும் ஒரு டாக்டருகிட்டக் காட்டுனீங்க, காய்ச்சலுக்கு. அவரு நாக்கைப் பாத்தாரு, பல்லைப் பாக்கலை. இவளுக்கு ஒருத்தரு பாத்து எழுதிக் குடுத்திருக்காரு. அதைப் போயி வெச்சுட்டு இருக்கோணுமா?"

பெரியப்பா தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, கேட்கவே கூடாத எதையோ கேட்பவர் போல, "அந்த நூலை இங்க குடு" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கடித்துப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை பார்த்திருப்பார். அவருக்கும் அறவில்லை. இத்தனை வயதுக்கு இதைக் கவனிக்கவே இல்லையே என்று அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு எல்லாவற்றையும் நறுக்கிக் கொடுக்கப் பெரியம்மா இருந்தாள். அத்தை தானேதான் நறுக்கிக்கொண்டாள், எங்களுக்கும் நறுக்கிக் கொடுத்தாள்.

"நீயே கூட்டிட்டுப் போ சாமி" என்றார் அத்தையிடம். அவளை அவர் அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் அவருக்கு அரை மனதுதான். வேனை அனுப்பிவிட்டு, பேரனோடு ஒரு நாள் தங்கினார். மறுநாள் அந்தப் பையனை தேவராஜ மொஹல்லா டாக்டரிடம் தானே கூட்டிப்போனார். அவனுக்கு மேலே முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல சந்து. டாக்டர் பார்த்துவிட்டு, மேலே கோரைப்பல் முளைத்து இறங்கும்போது இந்தச் சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், இப்போது யாரிடமும் அனுப்ப வேண்டியதில்லை, அடுத்த வருஷம் ஒரு தடவை காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியப்பா வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். "நம்ம பையனுக்கு எழுதித் தர மாட்டீங்கறாரு" என்று அப்பாவிடம் குறைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொடுத்ததற்காகக் கலங்கியவர், திங்கட்கிழமை எழுதிக் கொடுக்காததற்காக வருத்தப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினார். அப்படியும், அவன் வாயைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னதால்தான் என் வாயைப் பார்த்து வேண்டும் என்று சொன்னதை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே அத்தையும் நானும் ஆட்டோ பிடித்துப் புது டாக்டரிடம் போனோம். அவர் ஒரு டாக்டரம்மா. முகத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார். பிசைந்த மாவு மாதிரி எதையோ வாயில் வைத்து அச்செடுத்தார். என் பயத்தை அவரிடமும் சொன்னேன். முகம் உன் அப்பா வீட்டு முகமாகவே இருக்கும், பல் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க் வரும் என்றார். நெற்றியில் ஒரு மெத்தை, மோவாயில் ஒரு மெத்தை, நடுவில் கம்பி, கம்பியிலிருந்து வாய்க்குள்ளே மேல்பல்லுக்கு இரண்டு ரப்பர் பேண்ட். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போக வேண்டாம் என்றதும் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. வளர்ந்து முடிக்கிற வரைக்கும் அவ்வப்போது வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

அப்புறம் அவரும் முதல் டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா? நான் அத்தையைக் கை காட்டினேன். அத்தை முந்தானையை இன்னும் மேலே ஏற்றினாள். இவளுடைய தாடை எவ்வளவு தூரம் வளரும் என்று தெரிய, வளர்ந்து முடித்த ஒருவரைப் பார்த்தால் உதவியாக இருக்கும், கொஞ்சம் உட்காருகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். குழந்தைக்காக என்றதும் அத்தை மறுக்கவில்லை. நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். முந்தானையை இறக்கி, விளக்குக்கு நேராக வாயைத் திறந்தாள். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். அதைவிட ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். நான் கண்ணாடி அலமாரியில் இருந்த சுண்ணாம்புப் பற்களை எண்ணிச் சலித்தேன். அத்தை கேட்டது ஒன்றுதான் என் காதில் விழுந்தது. "ஈ வயசல்லூ ஆகுத்தா மேடம்?" இந்த வயதிலுமா ஆகும் என்று. டாக்டர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை என் கையை விடவே இல்லை. கை வியர்த்துக் கசகசவென்றிருந்தது, நான் இழுத்தும் விடவில்லை.

மாஸ்க் வந்தது. அத்தை மெஷினில் தைக்க நான் பக்கத்தில் மாஸ்கோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அளவை மறந்தார்கள். மாதங்கள் போகப் போக, பின்னால் ஒளிந்திருந்த என் மேல்பல் முன்னால் வந்தது. பெரியப்பா வாராவாரம் போன் பண்ணி, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டார்.

அப்படி ஒரு நாள் டாக்டரிடம் போயிருந்தபோது, நர்ஸ் வெளியே வந்து பெயர் கூப்பிட்டாள். நான் எழுந்தேன். கூப்பிட்டது என் பெயரை இல்லை. அத்தை எழுந்து உள்ளே போனாள். அவள் நாற்காலியில் ஏறுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இப்போது எனக்காக என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் அவள் பல்லில் கம்பி கட்ட ஆரம்பித்தார். கம்பிக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை, அதற்கு அவள் எப்போதோ சம்மதம் சொல்லிவிட்டாள், அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரியும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அழுதேன். அவர் என்னுடைய டாக்டர், அது என்னுடைய நாற்காலி, இவ்வளவு பெரிய மனுஷிக்கு எதற்கு என்னோடு போட்டி என்று கேட்டேன். இந்த மாதிரிப் பேச்சுக்கு அம்மாவிடம் வழக்கமாக அடி விழும். அன்று அவள் அடிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்னறைப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். என் முறையை அத்தை பிடுங்கிக்கொண்டாள் என்று நான் தேம்பிக்கொண்டே இருந்தேன். அது அவளுடைய முறை, என் வயதிலேயே வந்திருக்க வேண்டியது, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.